பழைய காரைத் தர்மத்துக்குக் கொடுக்க விரும்புவோர் அறிய வேண்டியவை

பெங்களூர்க் கண்டோன்மென்டில், பிரேசர் டவுனுக்கும் குக் டவுனுக்கும் அருகே உள்ள ரிச்சர்ட்ஸ் டவுனில், பிள்ளைகள் அயல்நாடு சென்றுவிட, தாமே வண்டி ஓட்டும் சக்தியும் குறைந்துவிட, வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும் காரை ஏதேனும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு அளித்துவிடலாமே என்று எண்ணும் பெரியவர்கள் உண்டு. எண்ணம் உத்தமமானது, ஆயினும் சாவியைக் கையில் கொடுத்த அளவில் தானம் பூர்த்தியாவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஆர்.சி.யில் எவர் பெயர் உள்ளதோ அவரே பொதுவாக உரிமையாளர். 2007இல் விற்கப்பட்டுப் பல கை மாறியும் பதிவில் மட்டும் மாறாதிருந்த ஒரு கார், 2009இல் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போன வழக்கில், நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவிலிருந்த பழைய உரிமையாளரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விலைக்கு விற்றவருக்கு நேர்ந்த இச்சங்கடம் இலவசமாய்க் கொடுத்தவருக்கும் நேரக்கூடியதே.

ஆகவே கொடுப்பவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 மூலம் கைமாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பெறும் ஸ்தாபனம் படிவம் 30 மூலம் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றம் கோர வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். காரின் மேல் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், கடனைத் தீர்த்து, படிவம் 35 கொடுத்து அப்பதிவை முதலில் நீக்குதல் நலம். ஓசூரில் உள்ள ஓர் இல்லத்துக்குக் கொடுப்பதாயின், மாநிலம் மாறுவதால், படிவம் 28இல் என்.ஓ.சி. பெறுவதும் சேர்ந்துகொள்ளும்.

வரிச்சலுகை விஷயத்தில் பலருக்குத் தவறான அபிப்பிராயம் உண்டு. அமெரிக்காவில் காரைத் தானம் செய்து வருமான வரியில் கழிவு பெறுவது வழக்கம். அங்கும் 2005 முதல், கழிவு 500 டாலருக்கு மேற்பட்டால், ஸ்தாபனம் அதை விற்றுப் பெற்ற தொகையே பெரும்பாலும் வரம்பு. நம் தேசத்திலோ, 80ஜி என்று நாம் பழகிய சலுகை பணமாக அளிக்கும் நன்கொடைக்கே உரியது, பொருளுக்கு இல்லை, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கும் இல்லை. சலுகை வேண்டுவோர், காரை விற்று அத்தொகையைக் காசோலையாக அளிப்பதே மார்க்கம்.

இவற்றினும் முக்கியமானது, பெறுபவரின் பிரயோஜனம். ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அருகே லிங்கராஜபுரத்தில், 1959இல் என்.எஸ்.ஹேமா தொடங்கிய சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்துவருகிறது; சக்கர நாற்காலியோடு பிரயாணம் செய்ய வேண்டியவர்க்கு ஒரு சிறு கார் எவ்வளவு உதவும் என்பதை, அவர்களுக்காக உழைப்போரே அறிவர். டிரைவர் சம்பளம், பெட்ரோல், ரிப்பேர், இன்சூரன்ஸ் ஆகிய நித்தியச் செலவுகள் ஸ்தாபனத்தின் தலையில் விழுவதால், முன்னதாக அவர்களைக் கேட்டறியாமல் வண்டியை வாசலில் கொண்டு நிறுத்துவது உபகாரமாகாது.

வாகனத்தின் வயதும் கருதத்தக்கது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பரிசோதனைக்குட்பட்டு, கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். அந்த எல்லையை நெருங்கிய, பழுது மிகுந்த காரை அளிப்பதைவிட, 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் பெற்று, கிடைக்கும் தொகையைத் தர்மத்துக்கு அளிப்பது மேலானது. புதிய கார் வாங்குகையில் 25 சதவீதம் வரை மோட்டார் வாகன வரிச்சலுகை பெற அச்சான்றிதழ் ஆதாரமாகும்.

தம் சௌகரியத்துக்காகக் கழித்துவிடுவதற்கும் பிறர் தேவையறிந்து கொடுப்பதற்கும் உள்ள பேதம் இத்தகைய விசாரணையில்தான் இருக்கிறது. கொடுக்கத் தீர்மானித்தவர், ஸ்தாபனத்தின் பெயரில் வந்த புதிய ஆர்.சி.யின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்வாராக. அதைக் கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை.