அவகாசம் கிடைத்தவர்களின் ராக்

ராக் இசை இளைஞர்களுக்கானது என்பது அறுபதுகளிலிருந்தே ஊறிப்போன எண்ணம். இருபது வயதில் ஆவேசமாக ஓர் ஆல்பம், முப்பதுக்குள் புகழின் உச்சி, அதன்பின் பழைய பாடல்களையே ஊர் ஊராகப் பாடிப் பிழைப்பது என்றுதான் ஒரு ராக் கலைஞரின் வாழ்க்கையை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஐம்பதைத் தாண்டியவர் புது ஆல்பத்தோடு பேட்டிக்கு வந்தாலும் பாதிக் கேள்விகள் அந்தப் பழைய நாட்களைச் சுற்றியே வருகின்றன. பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராமல், தாங்களாகவோ சிறு லேபிள்கள் மூலமாகவோ பாடல் வெளியிடும் ‘இண்டி’ கலைஞர்களைக் கவனித்தால் இந்தக் கணக்கு தப்பிப்போகிறது. அவர்களில் சிலர் தங்கள் ஆகத் துணிச்சலான வேலையைச் செய்தது நாற்பதுக்குப் பிறகுதான். வயதாகிவிட்டதால் ராக் கலைஞர்கள் வற்றிப்போகிறார்கள் என்று நினைக்கிறோம். வளர்வதற்கான அவகாசம் கிடைக்காததால்தான் பெரும்பாலும் வற்றிப்போகிறார்கள் என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக் கரையில் உள்ள டுலூத் என்ற ஊரில் 1993இல் தொடங்கிய ‘லோ’ குழு இதற்கு நல்ல சான்று. ஆலன் ஸ்பார்ஹாக் கிட்டார் வாசித்தார். அவர் மனைவி மிமி பார்க்கர் ஓரிரு டிரம், ஒரு சிம்பல் ஆகியவற்றை மட்டும் முன்னால் வைத்து, நின்றபடி, பெரும்பாலும் பிரஷ்ஷால் மெல்லத் தட்டுவார். ராக் என்றாலே காதைப் பிளக்கும் சத்தம் என்றிருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து ஆமை வேகத்தில், மெதுவான குரலில் பாடினார்கள். ஒரு பெரிய கம்பெனியின் கிளை லேபிளில் ஆரம்பித்தவர்கள், பிறகு ‘கிராங்கி’ என்ற சிகாகோவின் சிறு லேபிளுக்கும், அங்கிருந்து ‘சப் பாப்’ லேபிளுக்கும் போனார்கள். ஊரை மட்டும் மாற்றவில்லை. தொடங்கி 25 ஆண்டுகள் கழித்து, இருவரும் ஐம்பதை எட்டிய சமயத்தில், 2018இல் ‘டபுள் நெகட்டிவ்’ வெளிவந்தது. தயாரிப்பாளர் பி.ஜே. பர்டனோடு சேர்ந்து தங்கள் குரலையும் கிட்டாரையும் கணினியில் நொறுக்கி, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சிதைத்திருந்தார்கள். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து இரண்டு மனிதக் குரல்கள் தெளிவாக மேலெழுந்து வரும். இருபது வயதுக்காரர்களுக்கு இப்படிச் செய்யும் துணிவு இருக்கலாம். ஆனால் சிதைப்பதற்கு ஓர் இசை முதலில் கையில் இருக்க வேண்டும். அதைச் சேர்க்க அவர்களுக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

அந்த அவகாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பணத்தைப் பேசாமல் பதில் சொல்ல முடியாது. ‘லோ’ குழுவின் இரண்டு ஆல்பங்களை ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினி, 1993இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கற்பனைக் குழுவின் வரவு செலவை வரிவரியாகப் போட்டுக் காட்டினார். பெரிய கம்பெனியில் 2,50,000 டாலர் முன்பணம் வாங்கி, அதே எண்ணிக்கையில் பிரதிகளும் விற்ற குழு அது. எல்லாச் செலவும் போக கம்பெனிக்கு 7,10,000 டாலர். குழுவின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் 4,031 டாலர் 25 சென்ட். பெட்டிக்கடை வேலைக்குப் போயிருந்தால் இதைப்போல மூன்று மடங்கு கிடைத்திருக்கும் என்று அவரே கணக்கை முடிக்கிறார். அவர் தன் வாழ்க்கையையும் இந்தக் கணக்குப்படியே அமைத்துக்கொண்டார். புகழ்பெற்ற நிர்வாணா குழுவின் ‘இன் யூட்டெரோ’ ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தபோதுகூட ராயல்டி வேண்டாம், செய்த வேலைக்குக் கூலி போதும் என்றார். அவருடைய ‘ஷெல்லாக்’ குழு 1992 முதல் வெளியிட்டவை ஆறே ஆல்பங்கள். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் பத்து ஆண்டுகள் ஓடின. பிழைப்புக்கு ஒலிப்பதிவுக்கூடம் இருந்ததால் குழுவை அவசரப்படுத்த ஆளில்லை. 2024 மே 7 அன்று ஆல்பினி காலமானார். பத்து நாள் கழித்து வெளிவந்த ‘டு ஆல் ட்ரெய்ன்ஸ்’ ஆல்பத்தில் சோர்வின் சாயல் துளியும் இல்லை.

வயதான ராக் கலைஞர்களை வாழவைப்பது ரசிகர்களின் பழைய நினைவுதானே என்று கேட்கலாம். பல குழுக்கள் மீண்டும் கூடுவது பழைய பாட்டைப் பாடிக் காசு பார்க்கத்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கிலாந்தின் ‘ஸ்லோடைவ்’ குழுவைப் பாருங்கள். 1993இல் அவர்களுடைய ‘சூவ்லாக்கி’ வந்தபோது பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. 1995இல் மூன்றாவது ஆல்பம் வெளியான சில நாட்களிலேயே லேபிள் கைவிட்டது. நீல் ஹால்ஸ்டெட்டும் ரேச்சல் காஸ்வெலும் வேறு குழு தொடங்கினார்கள். 2014இல் மீண்டும் மேடையேறியது பழைய ரசிகர்களுக்காகத்தான். அதோடு நின்றிருந்தால் எதிர்வாதம் சரியாகிப்போயிருக்கும். 2017இல் ஒன்று, 2023இல் ஒன்று என இரண்டு புது ஆல்பங்கள் கொடுத்தார்கள். காஸ்வெலின் தாயும் டிரம்மர் சைமன் ஸ்காட்டின் தந்தையும் 2020இல் இறந்த துக்கத்தைச் சுமந்துவந்த ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’, பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் ஆறாம் இடம் பிடித்தது. இளமையில் அவர்கள் எட்டாத இடம் அது.

இன்னொரு கேள்வி கடினமானது. தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வீட்டு வாடகை கட்ட முடியாமல் கிட்டாரை மூட்டைகட்டியவர்களை மறந்துவிடலாமா? மறக்கக் கூடாது. அவர்களுடைய கதை என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. திறமை தீர்ந்து விலகியவர்களைவிடக் காலம் வாய்க்காமல் விலகியவர்கள் அதிகம் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இன்று யார் வேண்டுமானாலும் பாடலை இணையத்தில் ஏற்றலாமே என்பார்கள். ஏற்றலாம், வருமானம் வேறு விஷயம். முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் ராயல்டி கொடுப்பதில்லை. சுதந்திரம் மலிவாகிவிட்டது, அவகாசத்துக்குத்தான் கிராக்கி.

மிமி பார்க்கர் 2022 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்பார்ஹாக் வெளியிட்ட தனி ஆல்பத்தில் அவர் குரலே அடையாளம் தெரியாதபடி இயந்திரத்தால் மாற்றப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு டுலூத்தைச் சேர்ந்த ‘டிராம்பிள்ட் பை டர்டில்ஸ்’ குழு நண்பர்களோடு, பாஞ்சோவும் ஃபிடிலும் சூழ, தன் இயல்பான குரலில் இன்னோர் ஆல்பம் பாடினார். முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்து சம்பாதித்த நட்பு இல்லாவிட்டால் அந்த இரண்டாவது ஆல்பம் இல்லை. ஆகவே, நமக்குப் பிடித்த குழு பத்தாவது ஆல்பத்தோடு வரும்போது முதல் ஆல்பத்தைப்போல இருக்கிறதா என்று தேடாமல், இத்தனை ஆண்டுகளில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கேட்போம். பிடித்திருந்தால் அந்தப் புது ஆல்பத்தையே அவர்களிடமிருந்து நேரடியாகக் காசு கொடுத்து வாங்குவோம். பதினொன்றாவது ஆல்பத்துக்கான அவகாசம் அந்தக் காசில்தான் இருக்கிறது.