ஐஸ் ஹவுஸ்: சன்னல் சொல்லும் வரலாறு

சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள விவேகானந்தர் இல்லத்தை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் இதைக் கட்டினார். பனிக்கட்டி உருகாமல் இருக்க வேண்டும்; எனவே சன்னலுக்கு இங்கு வேலையில்லை.

இயந்திரத்தால் பனிக்கட்டி தயாரிக்கும் முறை வந்ததும் அவ்வணிகம் நலிந்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார், வட்ட வடிவத் தாழ்வாரங்களும் சன்னல்களும் அமைத்து, கிடங்கை வீடாக்கினார். 1897இல் விவேகானந்தர் இங்குத் தங்கினார். 1917இல் கட்டடம் அரசுடைமையானது. சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதியும் இங்கு இயங்கியது. கல்வி மறுக்கப்பட்ட சிறுமியர் பலர் இவ்விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியர்களாயினர். விவேகானந்தர் நூற்றாண்டான 1963இல் இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களை இங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஆண்டுகளைச் சொல்வதற்கு முன் ஒரு வினாவை எழுப்பலாம்: "இந்தச் சன்னல் எப்போது, யாருக்காக வந்தது?" பனிக்கட்டிக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை, கிடங்கை வீடாக்கி வாழ வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது. அவ்விடையைக் கண்டறியும் மாணவர், தம் ஊர்ப் பழைய வீட்டையும் அதேபோல் உற்றுநோக்கத் தொடங்குவர்.