கேட்டதற்குச் சேரும் பதில்

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல் ‘பெர்ட்டினன்ட்’. முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். பேசும் பொருளுக்கு நேராகச் சேர்ந்தது என்பதே இதன் பொருள். ‘எட்டுதல், சேர்தல்’ என்னும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. ‘ரெலவன்ட்’ என்பதும் ஏறக்குறைய இதே பொருள்தான். அது எங்கும் வழங்கும் சொல். இதுவோ அலுவலகக் கடிதங்களிலும் விசாரணைகளிலும் மிகுதியாக வரும் சொல்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பால்மரம் வெட்டப் போன ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். சொக்சோவுக்கு மனுச் செய்ய வேண்டும். படித்த மகன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறான். விழுந்தது எந்த நாள், எத்தனை மணி, எந்த நிரை, கண்டவர் யார், டாக்டர் என்ன சொன்னார் என்பவை யாவும் ‘பெர்ட்டினன்ட்’. கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும், அடுத்த வீட்டுக்காரரோடு வந்த மனத்தாங்கலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அவை இந்த மனுவுக்குச் சேரமாட்டா. சேராதவற்றை எழுத எழுத, சேர வேண்டியவை மறைந்துபோகும்.

இச்சொல்லுக்குப் பின் ‘டு’ என்னும் சொல் வரும். ‘தீஸ் ஃபேக்ட்ஸ் ஆர் பெர்ட்டினன்ட் டு தி கிளேம்’ என்று எழுதலாம். ‘இந்த விவரங்கள் இம்மனுவுக்கு உரியவை’ என்று அர்த்தம். ‘வித்’ போடுவது பிழை.

இனி ஓர் எச்சரிக்கை. நம்மிடம் படித்துப் பின் இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவன் ஒருவன் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தான். ‘உன் அப்பாவுக்கு என்ன வேலை?’ என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்வி தன் வேலைக்குச் சம்பந்தமில்லாதது என்று பணிவாகச் சொல்ல நினைத்தான். ‘பெர்ட்டினன்ட்’டின் முன்னால் ‘இம்’ சேர்த்தால் எதிர்ப்பதம் ஆகிவிடும் என்று எண்ணி, ‘இம்பெர்ட்டினன்ட்’ என்று சொல்லிவிட்டான். அதிகாரியின் முகம் மாறியது. வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் காரணமா என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் அவன் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ‘சார், நான் என்ன தப்பாகச் சொன்னேன்?’ என்று கேட்டது இன்னும் நம் காதில் ஒலிக்கிறது.

‘இம்பெர்ட்டினன்ட்’ என்பதற்கும் பழங்காலத்தில் ‘சம்பந்தமில்லாத’ என்றே பொருள் இருந்தது. தேவையற்றதில் தலையிடுவது மரியாதைக் குறைவு அல்லவா? அப்படியே நாளடைவில் அச்சொல் ‘துடுக்கான, மரியாதையற்ற’ என்னும் பொருளுக்கு மாறிவிட்டது. ஆகவே எதிர்ப்பதமாக ‘இர்ரெலவன்ட்’ அல்லது ‘நாட் பெர்ட்டினன்ட்’ என்றே சொல்லப் பழகுங்கள். பெரியவர்களிடம் அதையும் தணிந்த குரலில் சொல்வது நல்லது.

பெற்றோர்களே, ஆங்கிலம் தெரியாதே என்று நீங்கள் தயங்க வேண்டாம். பிள்ளை கட்டுரை எழுதி முடித்ததும், ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொல்லச் சொல்லுங்கள். ‘இது தலைப்புக்கு எப்படிச் சேரும்?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத வரியைப் பிள்ளையே அடித்துவிடும். அதைவிட ‘பெர்ட்டினன்ட்’டான கேள்வி வேறில்லை.