பெயர் ஒன்று, மருந்து இரண்டு

2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியபோது, லைபோசோமல் ஆம்போடெரிசின்-பி என்னும் ஊசிமருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு நிலவியது. புதுச்சேரியும் அதற்கு விலக்கன்று. சாதாரண ஆம்போடெரிசின் இருக்க, விலை மிகுந்த இம்மருந்தை ஏன் தேட வேண்டும் என்ற ஐயம் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு எழுவது இயல்பே.

இரண்டும் பூஞ்சையை அழிப்பவையே. ஆயினும் சாதாரண மருந்து சிறுநீரகத்தைப் பெரிதும் பாதிக்கக்கூடும். அதையே நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து செலுத்தினால் அத்தீங்கு குறைகிறது. மாறியது மருந்தன்று, அதைச் சுமந்து செல்லும் உறையே.

இவ்வுறையின் அடுத்த தலைமுறைதான் கொழுப்பு நானோ துகள். ஆர்.என்.ஏ. வகை மருந்துகள் இரத்தத்தில் தனித்துச் சென்றால் விரைவில் சிதைந்துவிடும். நானோ துகள் அவற்றைக் காத்து, உயிரணுவுக்குள் சேர்க்கிறது. பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கான பாட்டிசிரான் 2018-இலும், கொரோனா தடுப்பூசிகள் சில 2020-இலும் இவ்வழியே வந்தன.

இத்துகள்களை ஒரே அளவில் செய்வதே கடினம். கூழுக்கு மாவைக் கரைக்கும்போது சரியாகக் கலக்காவிட்டால் கட்டி தட்டுவதை நாம் அறிவோம். அதுபோல, மெதுவாகக் கலந்தால் துகள்கள் பெரிதும் சிறிதுமாக அமையும். மிகப் பெரியவற்றை உடலின் காவல் அணுக்கள் வழியிலேயே விழுங்கிவிடும். எனவே ஆய்வகங்களில் மயிரிழை போன்ற நுண்குழாய்கள் கொண்ட சிறு தகட்டைப் பயன்படுத்துகின்றனர். ஒரு வழியே சாராயத்தில் கரைத்த கொழுப்பும், மறுவழியே சற்றுப் புளிப்பான நீரில் கரைத்த ஆர்.என்.ஏ.வும் வந்து நொடிப்பொழுதுக்குள் கலக்கின்றன. நீரில் கரைய இயலாத கொழுப்பு, ஆர்.என்.ஏ.வைச் சூழ்ந்து ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள துகளாகத் திரள்கிறது. தலைமயிரின் தடிமனில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு.

உறை மாறினால் அளவும் மாறும் என்பதை மறவாதீர்கள். லைபோசோமல் ஆம்போடெரிசினை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் தருவதுண்டு. சாதாரண மருந்தோ 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது. தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வெளியில் மருந்து வாங்க நேர்ந்தால், சீட்டிலுள்ள முழுப்பெயரும் புட்டியிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஊசி போடுமுன் செவிலியரிடமும் காட்டிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.