மணி பிளாண்ட் காற்றைச் சுத்தம் செய்யுமா?

பல்லடம் பக்கம் விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பியில்கூடப் பஞ்சு படியும். அங்கே ஒரு மணி பிளாண்ட் வைத்தால் காற்று சுத்தமாகிவிடுமா? ஆகாது. இலையில் கொஞ்சம் தூசி ஒட்டும், அவ்வளவுதான். நுரையீரலுக்குள் போகும் நுண்தூசிக்கு முகக்கவசமும் காற்றோட்டமுமே வழி.

இந்த நம்பிக்கை பரவக் காரணம் 1989இல் வெளியான நாசா ஆய்வு. அதை நடத்திய விஞ்ஞானி பில் வோல்வர்டன் காற்றுப் புகாத பெட்டிக்குள் செடிகளை வைத்து, பென்சீன் போன்ற நச்சு வாயுக்கள் குறைவதைக் கண்டார். இலையோடு வேர்மண் நுண்ணுயிர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வீடு மூடிய பெட்டி அல்ல. கதவிடுக்கில் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை என்று 2019இல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்புறம் பாய் விரிக்க இடமேது?

இரவில் செடி மூச்சு முட்ட வைக்கும் என்பதும் வீண் பயம். பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் தொட்டிச்செடி விடுவது சொற்பம்.

பிறகு ஏன் வளர்க்க வேண்டும்? மனசுக்காக. ஜன்னலில் மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் பதிவு செய்தார். மேற்குச் சுவரில் படரும் கொடி வெயிலையும் தடுக்கும். பாட்டிலில் வளர்ப்பவர்கள் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள்; டெங்கு கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும்.