இரண்டரை லட்சம் என்னும் வேலி

1913-இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில்தான் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தார். அந்தப் படிப்பின் பலன் நாட்டுக்கே கிடைத்தது.

இன்று காந்திபுரத்தில் பேருந்து மாறி முதுகலை வகுப்புக்கும் குரூப் தேர்வுப் பயிற்சிக்கும் ஓடுகிறார்கள் நம் பிள்ளைகள். 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு திருத்திய பட்டியல் சாதி மாணவர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். தாயும் தந்தையும் மில்லுக்குப் போய் ஆளுக்கு மாதம் 10,500 வாங்கினாலே பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை.

ஆனால் 2019-இல் வந்த முன்னேறிய சாதியினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டில், 8 லட்சத்துக்குள் வருமானம் இருந்தால் ஏழை! சேரிக்கு ஓர் அளவுகோல், ஊருக்கு ஓர் அளவுகோலா?

உதவித்தொகைக்கும் 8 லட்சமே வரம்பாக வேண்டும் என்று கேட்போம். வரம்புக்குள் இருக்கும் தம்பி, தங்கைகளே, வருமானச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.