மேச்சேரி ஆடும் ஆங்கில அகராதியும்

ஆங்கிலப் படப் புத்தகத்தில் 'ஷீப்' என்ற சொல்லுக்கு மேலே நிற்கும் விலங்கு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வெள்ளை உடல், சுருள் சுருளாகக் கம்பளி. 'கோட்' என்றால் கொம்பும் தாடியும். சேலம் மாவட்டம் மேச்சேரியில் வளரும் பிள்ளை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுப் பட்டியில் நிற்கும் ஆட்டைப் பார்த்தால் திகைக்கத்தான் செய்யும். அந்த ஆடு இளம்பழுப்பு நிறம். உடம்பில் கம்பளியே கிடையாது. குட்டை மயிர் தோலோடு படிந்து கிடக்கிறது. கிடாவுக்கும் கொம்பில்லை, பெட்டைக்கும் கொம்பில்லை. வால் சின்னது, மெல்லியது. படத்தின்படி பார்த்தால் அது ஷீப்பும் இல்லை, கோட்டும் இல்லை. விலங்கியல்படி சந்தேகத்துக்கு இடமில்லாத ஷீப். நாட்டின் செம்மறி இனங்களில் ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்ட 'மேச்சேரி ஆடு' அதுதான்.

குழப்பும் ஆங்கிலச் சொற்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் எழுத்துக்கூட்டோடு நின்றுவிடுவார்கள். 'ஸ்டேஷனரி' என்பதில் ஏ வந்தால் நகராமல் நிற்பது, ஈ வந்தால் பேனாவும் தாளும். அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. இன்னொரு வகைக் குழப்பம் வேறு மாதிரி. அங்கே சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. அவை குறிக்கும் பொருள்கள்தான் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஷீப்பா கோட்டா, ஹேரா வூலா, ஸ்கின்னா ஹைடா, பிரீடா ஸ்பீசீஸா, கிரேஸா பிரௌஸா என்ற கேள்விகளுக்கு விடை அகராதியில் பாதிதான் இருக்கிறது. மீதி விலங்கின் உடம்பில் இருக்கிறது. மேச்சேரி ஆட்டை அருகில் நின்று பார்த்தால் இந்த ஜோடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்கும்.

வாலும் உதடும்

மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர், ஓமலூர் வட்டாரமும் காவிரிக்கு அக்கரையில் பவானிப் பக்கமும் இந்த ஆட்டின் சொந்த மண். மழை குறைந்த மேட்டாங்காடு. மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் 1978இல் தொடங்கிய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம், இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. இதே மாவட்டத்தின் பெயரில் வெள்ளாட்டு இனம் ஒன்றும் உண்டு: சேலம் கருப்பு. உயரமான உடல், தலை முதல் வால் வரை கருப்பு. செம்மறி சிவப்பாக இருந்து தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. வெள்ளாடு கருப்பாக இருந்து தன் பெயரைக் கவிழ்க்கிறது. ஆக, நிறம் நம்பத்தக்க அடையாளம் இல்லை.

தூரத்திலிருந்தே தெரிவது வால். உடம்புக்கு நோவில்லாத வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். செம்மறியின் வால் தொங்கும். மேச்சேரியின் குட்டை வாலும் தொங்கும் வால்தான். கிட்டே போனால் மேலுதட்டைப் பார்க்கலாம். செம்மறியின் மேலுதட்டில் நடுவே ஆழமான பிளவு ஓடுகிறது. தரையை ஒட்டிக் கிடக்கும் புல்லையும் ஒட்டக் கடிக்க அது உதவுகிறது. வெள்ளாட்டுக்கு அவ்வளவு ஆழமான பிளவு இல்லை.

இன்னும் நெருங்கி, கண்ணின் முன்மூலைக்குச் சற்றுக் கீழே விரலால் தடவினால் செம்மறிக்கு ஒரு சிறு குழி தட்டுப்படும். மெழுகு போன்ற கசிவைச் சுரக்கும் மணச்சுரப்பி அது. வெள்ளாட்டு முகத்தில் அந்தக் குழியே இல்லை. செம்மறிக்கு நான்கு கால்களிலும் குளம்புப் பிளவுக்கு மேலே இன்னொரு சுரப்பி உண்டு. நடந்த தடத்தில் மணம் பதிகிறது. வெள்ளாட்டுக் கிடாவின் வீச்சம் வேறிடத்திலிருந்து வருகிறது. கொம்புகளுக்குப் பின்னால் உள்ள சுரப்பிகள் அதற்குக் காரணம். கொம்பு, தாடி, கம்பளி என்று படப் புத்தகம் பிடித்துக்கொண்ட மூன்றும் இனத்துக்கு இனம் மாறக்கூடியவை. இந்தக் குழி மாறாது.

அறுபதும் ஐம்பத்து நாலும்

தமிழில் 'இனம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பிரீட் வேறு, ஸ்பீசீஸ் வேறு. பாடநூல்கள் பின்னதைச் சிற்றினம் என்கின்றன. மேச்சேரியும் ஆஸ்திரேலிய மெரினோவும் பார்வைக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஆனால் சேர்த்து வளர்த்தால் குட்டி போடும், அந்தக் குட்டியும் குட்டி போடும். அவை ஒரே சிற்றினத்தின் இரண்டு பிரீடுகள். மேச்சேரியும் சேலம் கருப்பும் ஒரே காட்டில் மேய்ந்து ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தாலும் வேறு வேறு சிற்றினங்கள்.

இடையில் நிற்பது குரோமோசோம் கணக்கு. வெள்ளாட்டின் உயிரணுவில் 60, செம்மறியின் உயிரணுவில் 54. ஆறு குரோமோசோம்கள் தொலைந்துபோகவில்லை. செம்மறியின் மூதாதை வழியில் சில குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டு மூன்று பெரிய ஜோடிகளாயின. சரக்கு அப்படியே இருக்க, எண்ணிக்கை மட்டும் குறைந்தது. இந்த இரண்டும் அரிதாக இணைந்து கருத்தரித்தாலும் கரு பெரும்பாலும் நிலைக்காது. போட்ஸ்வானாவில் பிழைத்து வளர்ந்த ஒரு கலப்புக் குட்டிக்கு இருந்தவை 57 குரோமோசோம்கள்: சரியாக நடுவில்.

இங்கே குழம்பக்கூடிய இன்னொரு ஜோடி வருகிறது: ஹைப்ரிட், கைமீரா. ஹைப்ரிட் என்பது ஒரு தாய்க்கும் ஒரு தந்தைக்கும் பிறந்த கலப்பு. அதன் ஒவ்வொரு உயிரணுவிலும் இருவரின் பங்கும் இருக்கும். கைமீரா அப்படியில்லை. 1984இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் செம்மறிக் கருவின் உயிரணுக்களையும் வெள்ளாட்டுக் கருவின் உயிரணுக்களையும் ஒன்றாக்கி வளர்த்தார்கள். பிறந்த குட்டிக்கு நான்கு பெற்றோர். உடம்பில் ஓர் இடத்தில் செம்மறிக் கம்பளி, பக்கத்திலேயே வெள்ளாட்டு மயிர்: ஒட்டுத்துணிப் போர்வைபோல. ஒரு உயிரணு முழுக்கச் செம்மறி, அடுத்தது முழுக்க வெள்ளாடு. கலந்தது உடம்பு மட்டுமே.

கம்பளியும் மயிரும்

'ஷீப் கம்பளி தரும், கோட் தராது' என்ற பள்ளிச் சூத்திரம் இரண்டு பக்கமும் உடைகிறது. மேச்சேரி செம்மறி, கம்பளி தராது. லடாக்கின் சாங்தாங்கி வெள்ளாடு. அதன் அடிமயிர்தான் பஷ்மினா, உலகின் மிக மெல்லிய கம்பளிகளில் ஒன்று. அந்த இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான். நம் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான்.

அப்படியானால் ஹேருக்கும் வூலுக்கும் கோடு எங்கே? தோலுக்குள். ஆட்டின் தோலில் இரண்டு வகை மயிர்க்கால்கள் உண்டு. முதல்நிலை மயிர்க்கால் பெரியது. அதற்குச் சொந்தமாக வியர்வைச் சுரப்பியும் மயிரைச் சிலிர்க்க வைக்கும் தசையும் இருக்கும். அதிலிருந்து வருவது தடித்த, பெரும்பாலும் நடுவில் துளையோடிய மயிர். அதைச் சுற்றிக் கொத்தாக முளைக்கும் இரண்டாம்நிலை மயிர்க்கால்களிலிருந்து மெல்லிய, சுருண்ட கம்பளி வருகிறது. மெரினோவில் ஒரு முதல்நிலை மயிர்க்காலைச் சுற்றி இருபதுக்கு மேல் இரண்டாம்நிலை இருக்கும். மயிர்ச் செம்மறிகளில் சிலவே.

காட்டுச் செம்மறிக்கு வெளியே முரட்டு மயிர், உள்ளே மெல்லிய அடிமயிர். மனிதர் செம்மறியைப் பழக்கியது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் மேற்கு ஆசியாவில், பழக்கியது கறிக்காக. உடம்பு முழுக்கக் கம்பளி போர்த்திய ஆடு சில ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்த புது வரவு. 2017இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதன் மரபணுத் தடயம் ஒன்றைக் கண்டார்கள்: கம்பளிச் செம்மறிகளில் ஒரு மரபணுவின் வால்பகுதியில் வேறொரு மரபணுவின் நகல் தலைகீழாகச் செருகியிருக்கிறது. ஆக, படப் புத்தகத்தின் ஷீப்தான் விதிவிலக்காகக் கிளைத்தது. மயிர் போர்த்திய ஆடு அதற்கு மூத்த வடிவம்.

தோலின் கதையும் இதிலிருந்தே வருகிறது. பசு, எருமை போன்ற பெரிய விலங்கின் தோல் ஹைடு. ஆடு, கன்று போன்ற சிறியவற்றின் தோல் ஸ்கின். கம்பளி ஆட்டின் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, கொழுப்பும் அதிகம். அதனால் பதனிட்ட தோல் தொளதொளப்பாகிவிடும். மயிர்ச் செம்மறியின் தோலில் நார்கள் இறுக்கமாக நெய்திருக்கும். மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு நாட்டின் செம்மறித் தோல்களிலேயே முதல்தரம் என்ற பெயர் இதனால்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்டு ஏற்றுமதி செய்த பழைய தோல் தொழிலும், சென்னையில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ள மாநிலத்தில் அந்தப் பெயருக்குக் காசு மதிப்பு உண்டு. கோல்ஃப் கையுறை செய்ய உகந்த மயிர்ச்செம்மறித் தோலை உலகச் சந்தை 'கேப்ரெட்டா' என்கிறது. அந்தச் சொல்லின் வேர், ஸ்பானிய மொழியில் வெள்ளாட்டைக் குறிக்கும் 'காப்ரா'. தோல் வியாபாரிகளும் ஒருகாலத்தில் இந்த ஆட்டிடம் ஏமாந்திருக்கிறார்கள்.

மேய்ச்சலும் கறியும்

கிரேஸ் என்றால் தலை குனிந்து புல் மேய்வது. பிரௌஸ் என்றால் இலை, தளிர், கொழுந்து என்று செடிக்குச் செடி பொறுக்கித் தின்பது. வெள்ளாடு முன்னங்கால்களைக் கிளையில் ஊன்றி எழுந்து நின்று தழை கடிக்கும். செம்மறி புல்லை விட்டு வாயெடுக்காது. கணினியின் 'பிரௌசர்' வெள்ளாட்டுப் பரம்பரை. நம் 'நுனிப்புல் மேய்தல்' என்ற வசவும் வெள்ளாட்டுக்குத்தான் பொருந்தும்.

ஆனாலும் கோடு கல்லில் போட்டதல்ல. கிளுவை வேலி போட்ட கொங்குக் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் காய்ந்துபோகும் கோடையில், வெள்வேல மரத்திலிருந்து உதிரும் காய்களை மேச்சேரி ஆடுகள் விடாமல் பொறுக்கித் தின்னும். புல் இருக்கும்வரை கிரேஸ். இல்லாதபோது கிடைத்தது எதுவோ அது.

கறிக்கு வருவோம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பட்டியில் நின்ற விலங்குக்கு உழவனின் ஆங்கிலப் பெயரும், தட்டில் வந்த கறிக்குப் பிரபுவின் பிரெஞ்சுப் பெயரும் நிலைத்தன. மட்டன் அப்படி வந்த சொல்; பிரெஞ்சு மொழியில் அதன் மூலம் செம்மறியைக் குறிப்பது. ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டியின் கறி 'லேம்', முதிர்ந்ததன் கறி மட்டன். வெள்ளாட்டுக் கறிக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் வேண்டுமென்று 1920களில் அமெரிக்காவில் 'ஷெவான்' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அது விற்பனைக் கூடங்களைத் தாண்டவில்லை. இந்தியாவில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. லண்டன்காரர் சென்னையில் மட்டன் பிரியாணி கேட்டு வேறொரு விலங்கைத் தின்றுவிட்டுப் போகக்கூடும். மேச்சேரிக் கிடாவின் கறியை மட்டன் என்று விற்றால் மட்டும் அகராதிக்காரரும் வாய் திறக்க முடியாது.

ஒரே சொல் போதுமா?

இவ்வளவு வேறுபாட்டையும் 'ஆடு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோமே என்று தோன்றலாம். சீனர்களும் அப்படித்தான், அவர்களுடைய 'யாங்' இரண்டையும் குறிக்கும். 2015இல் யாங் ஆண்டு பிறந்தபோது அது ஷீப் ஆண்டா, கோட் ஆண்டா என்று ஆங்கிலப் பத்திரிகைகள் மண்டையை உடைத்துக்கொண்டன. தொல்லியல் ஆய்வாளர்களும் இதே நிலையில்தான். குழியில் கிடைக்கும் உடைந்த எலும்பு செம்மறியுடையதா வெள்ளாட்டுடையதா என்று பெரும்பாலும் சொல்ல முடியாமல், இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதி வைப்பார்கள். எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தின் ஒரே ஒரு துணுக்கை அளந்து பிரிக்கும் முறை 2010இல்தான் வந்தது. எலும்பு வரைக்கும் ஒன்றுபோல் இருப்பவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் இருப்பதில் தப்பில்லை.

பொதுப்பெயர் போதாத இடமும் உண்டு. செம்மறியின் ஈரல் தாமிரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், எளிதில் வெளியேற்றாது. அளவு மீறினால் ஒருநாள் அத்தனையும் இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் சிவக்கும், ஆடு செத்துப்போகும். வெள்ளாடு அதைவிட அதிகத் தாமிரத்தைத் தாங்கும். அதற்கென்று தாமிரம் கூட்டிச் செய்த தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குத் தொடர்ந்து கொடுத்தால் மருந்தே நஞ்சாகும். தீவனக் கடையில் 'ஆட்டுக்குத் தாது உப்பு' என்று கேட்டால் கடைக்காரர் பொட்டலத்தை எடுக்கும் முன்னே கேட்க வேண்டியது ஒன்றுதான்: செம்மறிக்கா, வெள்ளாட்டுக்கா?